அந்திக்கல்லின் நிறம்

கோயில் நகைகளைச் சரிபார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தால், காப்பி ஆறுவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். கோஹினூரை நேரில் பார்த்திருக்கிறீர்களா மேடம் என்பார்கள். பார்த்ததில்லை. பார்க்க ஆசையும் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. ஆனால் அந்தக் கல்லின் கதையில் ஓர் இடம் எனக்கு மனப்பாடம்.

லண்டனுக்குக் கொண்டுபோன பிறகு அதை ஒரு பெரிய கண்காட்சியில் கூண்டுக்குள் வைத்துக் காட்டினார்கள். சனம் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்து, முகம் சுருங்கித் திரும்பியது. இதுவா அது, மினுங்கவே இல்லையே என்று பேச்சு கிளம்பிவிட்டது. சுற்றிலும் விளக்கு வைத்துப் பார்த்தார்கள், கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். அப்புறமும் பேச்சு அடங்காததால் கல்லையே மறுபடி பட்டை தீட்டி, பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அதைத் தேய்த்துத் தள்ளி, ஊர் கேட்ட மினுக்கத்தை வரவழைத்தார்கள். நம் ஊரில் அது எந்த வெளிச்சத்தில், எதன் மேல், யார் கையில் இருந்தபோது ஒளிவிட்டது என்று யாரும் மெனக்கெட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வரும்.

நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிற கல் வேறு. உலகத்தில் ஒருவருக்கும் அதைத் தெரியாது. ஆனால் நாலைந்து ஊருக்குள் அதைவிடப் புகழ்பெற்ற கல் கிடையாது. ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வண்டி எடுத்துக்கொண்டு போய் செல்ஃபி எடுத்துக்கொண்டு வந்து நிற்பீர்கள். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா.

அரியலூரிலிருந்து உடையார்பாளையம் போகிற சாலையை விட்டு உள்ளே திரும்பினால் முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது அந்த ஊர். சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்வருகிற வழி. இலையெல்லாம் வெள்ளை பூசியிருக்கும். சித்திரை வெயிலில் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே ஜீப்பில் போனால் கண் சொக்கி, நிலம் மெல்ல அசைவது போல இருக்கும். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது என்பதை நாமெல்லாம் புத்தகத்தில் படித்தோம். அந்த ஊர்க்காரர்கள் காலால் தெரிந்துவைத்திருக்கிறார்கள். உழுதால் சிப்பி வருகிறது, கிணறு வெட்டினால் சுருண்டு சுருண்டு சங்கு மாதிரிக் கல் வருகிறது. கடலுக்கு அவ்வளவு தூரத்தில் இருக்கிற ஊரில், ஆடு மேய்க்கிறவர் காலில் குத்திய சிப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு நடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த ஊர் அம்மனுக்கு ஒரு பதக்கம் உண்டு. நடுவில் நெல்லிக்காய் அளவில் ஒரு சிவப்புக் கல். பகலில் அது பாட்டுக்கு இருக்கும். அந்தி சாய்ந்து கருவறையில் விளக்கு ஏற்றியதும் ஊதிவிட்ட கங்கு மாதிரி எழும். அதனால் அதற்கு அந்திக்கல் என்று பெயர். அதன் வரலாற்றைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஜமீன் வீட்டு அம்மாள் ஒருத்தி பிள்ளை பிழைத்ததற்காகத் தன் கழுத்திலிருந்து கழற்றிப் போட்டது என்பார்கள் சிலர். லப்பைக்குடிக்காட்டு வியாபாரி ஒருவர் இலங்கைக்குப் போய்வந்தபோது கொண்டுவந்தார், ஆற்றில் வெள்ளம் வந்து இந்த ஊரில் தங்க நேர்ந்தது, சோறு போட்ட ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்பார்கள் சிலர். எல்லாரும் சொல்கிற மூன்றாவது கதை ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின சித்திரையில் அங்கிருந்து புகார் வந்தது. அந்திக்கல்லை மாற்றிவிட்டார்கள், மாற்றியது பூசாரி.

பூசாரி பெயர் நல்லதம்பி. அறுபதை நெருங்கியவர், பரம்பரைப் பூசாரி, பேச்சு குறைவு. புகார் கொடுத்தவர் செல்வராசு, திருவிழாக் கமிட்டித் தலைவர். சிங்கப்பூரில் வேலை. ஒவ்வொரு சித்திரைக்கும் லீவு போட்டுவிட்டு வந்துவிடுகிறவர். முந்தின வருடத் திருவிழாவின் முதல் நாளில் எடுத்த வீடியோவையும் கடைசி நாளில் எடுத்த வீடியோவையும் போனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். முதலாவதில் கல் தகதகவென்று எரிகிறது. இரண்டாவதில் அழுக்குத் தண்ணீர் மாதிரி கிடக்கிறது. அந்தப் பத்து நாளும் பதக்கம் நல்லதம்பியின் பொறுப்பில் இருந்தது. இதற்கு மேல் ஊருக்கு என்ன வேண்டும்?

செல்வராசு கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தகப்பன் இல்லாமல் வளர்ந்தவர். நல்லதம்பியைப் பெரியப்பா பெரியப்பா என்று கூப்பிட்டு, அவர் மடியில் உட்கார்ந்து திருநீறு பூசிக்கொண்டு வளர்ந்தவர். அதனால்தான் கோபம் அவ்வளவு இருந்தது. நான் போன அன்று மாலை காப்புக் கட்டு. அந்தக் கோயில் வழக்கப்படி பூசாரி முதல் காப்பைக் கமிட்டித் தலைவர் கையில்தான் கட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் திருவிழா தொடங்கும். ஜீப்பை விட்டு நான் இறங்கியதுமே செல்வராசு சொன்னது இதுதான்: "திருடுன கைக்கு என் கைய நீட்ட மாட்டேன் மேடம். நீங்க பாத்துச் சொல்லுங்க. அவரு இன்னைக்குள்ள கோயில விட்டு எறங்கணும்."

கோயில் செயல் அலுவலர் இளைஞர். வியர்த்துக்கொண்டிருந்தார். போலீசுக்குப் புகார் எழுதித் தயாராக வைத்திருந்தார், என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பதக்கத்தை ஒரு தாம்பாளத்தில் வைத்து நல்லதம்பி கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சோதனை விவரங்களை உங்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பழைய பதிவேட்டில் சிவப்புக் கல் பதித்த பதக்கம் என்று இருந்தது. என் கையில் இருந்த கல்லுக்குச் சிவப்பே இல்லை. அது பளிங்கு, நாம் ஸ்படிகம் என்கிறோமே அது. சுத்தமான, நிறமற்ற பளிங்கு. அதற்குப் பின்னால் ஏதோ கருப்பாக மங்கிக் கிடந்தது. பதிவில் சிவப்பு, கையில் வெள்ளை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெயிலுக்கு முன்னால் என் ஆபீஸ் இருக்கிற பெரம்பலூருக்குத் திரும்பியிருக்கலாம். செயல் அலுவலர் பேனாவின் மூடியைக்கூடத் திறந்து கொடுத்தார். பாவம், மரியாதை தெரிந்த பையன்.

என்னை வேலையில் பழக்கிய அம்மையார் ஒருவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த நகை வந்தாலும் முதலில் கவிழ்த்துப் போடுவார். முகத்தைத்தான் ஊரே பார்த்திருக்குமே, நாமும் எதற்கு அதையே பார்க்க வேண்டும் என்பார். நான் பதக்கத்தைக் கவிழ்த்தேன். முதுகுப்பக்கம் தங்கத் தகடு, கல்லின் பின்பக்கம் தெரியாதபடி மூடிய கட்டு. ஓரங்களில் எங்கும் புதிதாக நெம்பிய தடம் இல்லை. உள்ளே கல்லைத் தாங்குகிற அரக்கு மட்டும் ஒரு மூலையில் இளகி வெளியே எட்டிப் பார்த்தது. கல்லை மாற்றியவன் இந்தக் கட்டைத் திறக்காமல் மாற்றியிருக்க முடியாது. திறந்தவன் இவ்வளவு பழைய தடத்தோடு மூடியிருக்கவும் முடியாது.

எனக்குப் பாதி விளங்கிவிட்டது. நிறமில்லாத கல்லுக்குப் பின்னால் சாயம் ஏற்றிய மெல்லிய வெள்ளித் தகட்டை வைத்து மூடுவது பழைய காலத்து வேலை. தகட்டின் சிவப்பு கல் வழியாக வரும், பார்க்கிறவர்களுக்குக் கல்லே சிவப்பாகத் தெரியும். உள்ளே ஈரம் போனால் வெள்ளி கறுத்து எல்லாம் செத்துவிடும். ஆனால் பாதி விளங்கியதை வைத்துக்கொண்டு வாயைத் திறக்கக் கூடாது. நான் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். செல்வராசுவுக்கு முகம் கடுத்தது. கொஞ்ச நேரம் சாப்பாட்டுக்குக் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள் என்பது என் சர்வீஸில் நான் கண்டுபிடித்த பெரிய உண்மை.

கோயில் மண்டபத்தில் தூணோரம் உட்கார்ந்திருந்தபோது செல்வராசுவின் அம்மா பட்டம்மாள் விசிறியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மகன் போட்ட வீடியோவால் அவருக்கும் ஊரில் தலைகாட்ட முடியவில்லை என்று தெரிந்தது. ஒரு பக்கம் பெற்ற மகன், ஒரு பக்கம் அந்த மகனை மடியில் வைத்து வளர்த்த பூசாரி. எனக்கு விசிறிக்கொண்டே கல்லின் கதையைச் சொன்னார். மூன்றாவது கதை.

இங்கே கடல் இருந்தபோது அம்மனும் இங்கேதான் இருந்தாளாம். அவளும் கடலும் பேச்சுத் துணை. ஒரு நாள் கடல் கிழக்கே போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஒரேயடியாகப் போகாதே, என் ஞாபகத்துக்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போ என்று அம்மன் கேட்டாள். கடல் தன்னிலிருந்து ஒரே ஒரு சொட்டை எடுத்து அவள் கழுத்தில் வைத்துவிட்டுப் போயிற்று. அந்தச் சொட்டு தினமும் அந்தி வந்தால் பழைய ஞாபகத்தில் சிவக்கும். அவ்வளவுதான் கதை. சொல்லி முடித்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அந்த வெயிலும் விசிறிக் காற்றும் கதையும் சேர்ந்து என் கண்ணை இழுத்துவிட்டன. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. மண்டபத்துத் தூண்களுக்கு நடுவில் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறி வந்தது. கருவறைப் படிவரைக்கும் பச்சையாகத் தண்ணீர். முந்திரி மரங்கள் அடியில் ஆடின. மேலே சுண்ணாம்பு லாரிகள் படகு மாதிரி ஊர்ந்தன. நான் ஒரு சிப்பிக்குள் உட்கார்ந்துகொண்டு பதிவேட்டில் கடலின் நிறம் என்ன என்று எழுத முடியாமல் முழித்துக்கொண்டிருந்தேன். யாரோ தோளைத் தொட்டார்கள். நல்லதம்பியின் மனைவி தனக்கொடி, சாப்பிட வாங்கம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றார்.

அவர்கள் வீடு கோயிலுக்குப் பின்பக்கம்தான். எனக்கு மட்டும் இலை போட்டு, குழம்பு ஊற்றிவிட்டுக் கதவோரம் நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் சாப்பிட்டால் பேசுவார்கள், இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுப்பங்கரையில் விளக்குகளும் சொம்புகளும் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தது கண்ணில் பட்டது. தங்கம் மாதிரி மின்னின. நல்லாத் தேய்ச்சிருக்கீங்களே என்றேன். அவ்வளவுதான், அந்த அம்மாள் அழுதுவிட்டார்.

போன வருடம் திருவிழாவின் நடுவில், போனில் நேரலையாகக் காட்டப் போகிறோம், அம்மன் நகையெல்லாம் பளிச்சென்று இருக்கட்டும் என்று செல்வராசு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பூசாரி அரியலூருக்குப் பூ வாங்கப் போயிருந்தார். தனக்கொடி பதக்கத்தை எடுத்து வந்து, விளக்கைத் தேய்க்கிற மாதிரியே புளியைக் கரைத்துத் தேய்த்து, சீயக்காய் போட்டு, வெந்நீரில் அலசிக் காயவைத்துவிட்டார். வெந்நீருக்கு அரக்கு இளகியிருக்கிறது, புளித்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வெளியே தங்கம் ஜொலித்தது. அந்திக்கு விளக்கு ஏற்றியபோது கல் எழவில்லை. "நான் ஆத்தாளையே கொன்னுபுட்டேன்னு நெனச்சேங்க. அவருகிட்ட சொல்லி அழுதேன். நீ வாயத் தொறக்காத, நான் பாத்துக்கறேன்னுட்டாரு. ஒரு வருசமா வூட்டுல ஒருவேள சோறு ஒழுங்கா எறங்கல."

கழுவினது தப்பு என்று சொல்லிவிட்டால் ஒரு நாள் ஏச்சோடு போயிருக்கும். அதை விட்டுவிட்டு அந்த மனிதர் ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு திருடன் பட்டத்தை ஏன் சுமக்கிறார்? அதுதான் எனக்குப் புரியவில்லை. கை கழுவிவிட்டு அவரைத் தேடிப் போனேன். வேப்பமரத்தடியில் சாயங்காலத்துக்கு மஞ்சள் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். தன் கையால் கட்ட விடுவார்களா என்றே தெரியாத காப்புக்கு.

பின்தகட்டைத் திறந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும், ஊர் முன்னால் திறப்போம் என்றேன். மனிதர் பதறிப்போய் எழுந்துவிட்டார்.

"தொறக்காதீங்கம்மா. என்னையத் திருடன்னே எழுதிக்கிடுங்க. நான் எறங்கிப் போயிடறேன்."

அப்போதுதான் மீதிப் பாதியும் விளங்கியது. அவருக்குத் தெரியும். நான் கேட்டதும் சொன்னார், அவர் அப்பா சாகும்போது சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: கல் வெள்ளை, சிவப்பு ஆத்தாவுடையது, ஊருக்குச் சொல்லாதே. தகடு மங்கியபோது ஒரு தடவை அப்பா அதை மாற்றி வைத்ததும் அவருக்குத் தெரியும், ஆனால் அந்தக் கைவேலை இவருக்கு வராது. கழுவின கதையைச் சொன்னால், கழுவினால் சிவப்பு எப்படிப் போகும் என்று ஊர் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் ஊருக்கு அந்திக்கல் இல்லை. பிள்ளை வரம் கேட்டவர்கள், பிரிந்த புருஷனை வரச்சொல்லி அழுதவர்கள், எல்லாரும் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் அழுதார்கள். அதை உடைக்கிறதைவிடத் தன் பெயர் உடையட்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

இப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் அவர் காப்பாற்ற நினைத்தது போகும். சொல்லாவிட்டால் அவர் போவார். எனக்குக் கோபமும் வந்தது. நல்லவர்கள் இப்படி மௌனமாக நின்று கெட்ட பெயரை வாங்கிக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும்.

"நீங்க திருடன்னு நான் எழுதினா, இப்ப ஆத்தா கழுத்துல கிடக்கிறது போலின்னு எழுதணும்" என்றேன். "அசல் எங்கேன்னு ஊர் தேடும். இல்லாத ஒரு சிவப்புக் கல்லைக் காலத்துக்கும் தேடிக்கிட்டே இருக்கும். உங்கப்பாவும் தாத்தாவும் கையால தொட்ட கல்லைப் போலின்னு பெட்டியில பூட்டிடுவாங்க. அது உங்களுக்குச் சம்மதமா?"

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். அந்தப் பக்கமாக ஒரு லாரி போய், அதன் வெள்ளைத் தூசி எங்கள் இரண்டு பேர் மேலும் மெதுவாக இறங்கியது. அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொறங்க என்றார்.

மேலிடத்தில் போனில் அனுமதி வாங்கினேன். அது தனிக் கூத்து, விடுங்கள். அரியலூரிலிருந்து நகை ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டு வந்தோம். அவர் வந்து சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. காப்புக்கு வந்த கூட்டம் முழுக்க மண்டபத்தில் இருந்தது. முதலில் நான் சொல்லிவிட்டேன்: கட்டு பழைய கட்டு, சமீபத்தில் யாரும் திறந்ததில்லை, இப்போது உங்கள் கண் முன்னால்தான் திறக்கிறோம். ஆசாரி சூடு காட்டி, ஓரத்தை நெம்பி, தங்கத் தகட்டை எடுத்தார். உள்ளே கரிக்கட்டை மாதிரி உதிர்ந்துபோன வெள்ளித் தகடு. மூலைகளில் மட்டும் காய்ந்த குங்குமம் போலச் சிவப்புத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அதையெல்லாம் துடைத்தெடுத்ததும் கல் தனியாக மிஞ்சியது. தண்ணீர் மாதிரி இருந்தது. ஆசாரியின் உள்ளங்கை ரேகை அதற்குள் தெரிந்தது.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கல்லை யாரும் மாற்றவில்லை. எப்போதும் இருந்த கல் இதுதான். உள்ளே ஈரம் இறங்கித் தகடு கறுத்துவிட்டது. கல்லின் நிறம் எப்போதும் இதுதான். யார் கழுவினார்கள், யார் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கேட்டார்கள் என்பதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செல்வராசு வாயடைத்துப் போயிருப்பார். அவர் வாயை அடைப்பதற்காக நான் அங்கே போகவில்லை. அறிக்கையிலும் ஈரம் இறங்கியது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். கேட்ட கேள்விக்குத் தேவையான உண்மை முழுக்க இருக்க வேண்டும். ஒருத்தரைக் குனிய வைக்கிற மிச்சத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். தனக்கொடி அம்மாள் இப்போது கோயிலுக்கு வருகிறவர்களிடமெல்லாம், புளி போட்டுக் கழுவினது நான்தான் என்று தானே சொல்லிச் சிரிக்கிறார். அதனால்தான் உங்களிடமும் சொல்கிறேன்.

ஆனால் அன்று மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஊர் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றது. பூசாரி திருடவில்லை என்ற நிம்மதி ஒருத்தர் முகத்திலும் இல்லை. ஏதோ சாவு விழுந்த மாதிரி இருந்தது. செல்வராசு முன்னால் வந்து கல்லைக் குனிந்து பார்த்தார். குரல் உடைந்திருந்தது.

"அப்ப இத்தினி நாளும் நாம இல்லாத செவப்பத்தான் கும்புட்டமா மேடம்?"

ஸ்படிகம் எவ்வளவு உயர்ந்தது என்று ஏதோ தொடங்கினேன். எனக்கே அது ஆபீஸ் பேச்சாகப் பட்டது. நல்லதம்பி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தான் பயந்ததெல்லாம் நடந்துவிட்டது என்று அந்த முகம் சொல்லிற்று. நான் தப்பு செய்துவிட்டேனோ என்று பட்டது.

தூணோரம் உட்கார்ந்திருந்த பட்டம்மாள் விசிறியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். மகனைப் பார்த்துத்தான் பேசினார். சத்தமாகக்கூடப் பேசவில்லை.

"கடல் குடுத்துட்டுப் போன சொட்டுன்னு சின்னதுலேருந்து ஒனக்குச் சொல்லித்தானடா தூங்க வெச்சேன். கடத்தண்ணி எப்படா செவப்பா இருந்துச்சு? வெள்ளையாத்தான் இருக்கும். அந்தி வந்தாத்தான் செவக்கும்."

யாரோ ஒரு பெண், ஆமால்ல, என்றாள். அந்தச் சொல் கூட்டத்துக்குள் ஆளிடமிருந்து ஆளுக்குப் போவதை நான் பார்த்தேன். ஆமால்ல. எல்லாருக்கும் தெரிந்த கதைதான். இவ்வளவு காலமாக அந்தக் கதையிலேயே கல்லின் நிறம் இருந்திருக்கிறது, என்னைப் போலவே ஊரும் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறது.

நல்லதம்பி கண்ணைத் திறந்தார். ஆசாரியிடமிருந்து கல்லை வாங்கினார். பின்தகடு இல்லாமலே அதைப் பதக்கத்தின் கட்டுக்குள் வைத்து அழுத்தச் சொன்னார். பதக்கத்தை எடுத்துக்கொண்டு கருவறைக்குள் போய், அம்மன் மார்பில் சாத்தியிருந்த சிவப்புப் பட்டின் மேல் வைத்தார். வெளியே அந்தி. உள்ளே அவர் ஒவ்வொரு விளக்காக ஏற்றினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பட்டின் சிவப்பு மெல்ல மெல்லக் கல்லுக்குள் ஏறியது. பழைய வீடியோவில் பார்த்த கங்கு இல்லை இது. அதைவிட இளசு, ஈரமான சிவப்பு. விளக்கு அசைந்தால் அதுவும் அசைந்தது. தனக்கொடி கதவுக்குப் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நல்லதம்பி மஞ்சள் கயிற்றோடு வெளியே வந்து கருவறைப் படியில் நின்றார். கூட்டம் செல்வராசுவைப் பார்த்தது. அவர் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு, படியருகே போய்க் கையை நீட்டினார்.

"கட்டுங்க பெரியப்பா" என்றார்.

நல்லதம்பி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் கல் சிவந்துகொண்டிருந்தது. அப்புறம் கயிற்றைச் சுற்றிக் கட்டினார். முடிச்சைக் கொஞ்சம் இறுக்கித்தான் போட்டார். செல்வராசு முகத்தைச் சுளித்தார், ஆனால் கையை எடுக்கவில்லை.